ரம்புத்தான் பட்டையில் வெள்ளைத் திட்டும் கறுப்புக் கோடும்: மரத்துக்கு ஆபத்தா?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஒரு சகோதரி இரண்டு படங்களை அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "வீட்டு வாசலில் என் மாமனார் நட்ட ரம்புத்தான் மரம் இருக்கிறது. இருபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளாக அடிமரத்தில் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டுகள் பரவுகின்றன. உற்றுப் பார்த்தால் வெள்ளையின் மேல் பேனாவால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள். போன பருவத்தில் காய்ப்பும் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு பிளீச் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் சுண்ணாம்பு பூசச் சொல்கிறார். மரம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. தூரிகையும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். படங்களில் இருப்பது நோய் இல்லை. மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட எடுக்காமல், பட்டையின் மேல் இடம் மட்டும் பிடித்து வாழ்கிற ஓர் உயிர் அது. பள்ளிப் புத்தகத்தில் லைக்கன் என்று படித்திருப்பீர்கள். காய்ப்புக் குறைந்ததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் நடத்தியவன். ஓய்வுபெற்ற பிறகு வாரத்தில் நான்கு நாளாவது தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் நடக்கிறேன். சட்டைப்பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று இருக்கும். உங்கள் கேள்வியை இதுவரை பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்பதற்கு முன்பே தேய்த்து முடித்தவர்களும் உண்டு. அந்த மரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லைக்கன் உங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் தேடுங்கள். செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசி இருக்கிறதே, ஒரு பக்கம் சாம்பல் நிறமாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் சுருண்டு கிடக்கும் அந்த வாசனைப் பொருள், அதுவும் லைக்கன்தான். லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். கல்பாசி இலை வடிவ லைக்கன். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மரத்தை விட்டுக் கழன்று வரும். உங்கள் ரம்புத்தானில் இருப்பது பொருக்கு லைக்கன். ஆறிய புண்ணின் மேல் பொருக்குத் தட்டுவதுபோல் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். அதற்கு அடித்தோல் என்று தனியாக ஒன்று கிடையாது. அதன் இழைகள் பட்டையின் வெளி அடுக்குக்குள்ளேயே ஊடுருவிப் படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பட்டைத் தூளும் சேர்ந்துதான் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே தூரிகை கூடாது என்கிறேன்: லைக்கனை எடுக்க வேண்டுமென்றால் மரத்தின் தோலையும் உரிக்க வேண்டும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். காலை வெயிலில் மரம் காய்ந்திருக்கும்போது வெள்ளைத் திட்டு ஒன்றின் அருகே போய் நில்லுங்கள். துணிக்குத் தெளிக்கும் குப்பியில் வெறும் தண்ணீரை நிரப்பி இரண்டு முறை தெளித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்த வெள்ளை பச்சைச் சாயல் கொள்ளும். உலர்ந்திருக்கும்போது மேல்தோலின் இழைகளுக்கிடையில் காற்று நிரம்பியிருப்பதால் வெளிச்சம் பட்டுத் திரும்பி வெண்மையாகத் தெரிகிறது. நனைந்ததும் மேல்தோல் கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் இருக்கும் பாசியின் நிறம் மேலே வருகிறது. அந்த நிமிடத்தில்தான் அது உணவு சமைக்கவும் தொடங்குகிறது. காய்ந்தால் உறக்கம், நனைந்தால் வேலை. வேரும் கிடையாது, தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தண்டும் கிடையாது. மழை, பனி, காற்றில் வரும் தூசி ஆகியவற்றிலிருந்து கிடைப்பதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சி வாழ்கிறது.

அடியில் இருக்கும் பாசி என்றேன். லைக்கன் என்பது ஓர் உயிர் மட்டும் இல்லை. பூஞ்சை வீடு கட்டுகிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை ஆக்குகிறது. இரண்டும் சேர்ந்த குடித்தனத்துக்குத்தான் லைக்கன் என்று பெயர். இதை 1867இல் முதலில் வெளிப்படையாகச் சொன்னவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வெண்டனர். அன்றைய லைக்கன் அறிஞர்களில் பெரும்பாலோர் அவர்மீது பாய்ந்தார்கள். தாங்கள் ஆயுள் முழுவதும் தனித் தாவரம் என்று நினைத்து அடுக்கிவைத்தது உண்மையில் இரண்டு உயிர்களின் கூட்டு என்றால் எப்படித் தாங்குவார்கள்? ஸ்வெண்டனர் தம் கருத்தை விளக்கும்போது பூஞ்சையை எசமான் என்றும் பாசிகளை அது பிடித்துவைத்த அடிமைகள் என்றும் உவமை சொன்னார். கூட்டு என்ற அவருடைய கண்டுபிடிப்பு நிலைத்துவிட்டது. அந்த உவமையை மட்டும் நான் வகுப்பில் சொன்னதே இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எசமான், அடிமை என்ற சொற்களை லேசாகக் கையாள என்னால் முடியாது. லைக்கனுக்கும் அது முழுதாகப் பொருந்தவில்லை. பூஞ்சை பாசியின் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது என்பது மெய். ஆனால் அதே பாசி சுடுவெயிலில் வெறும் பட்டையின் மேல் தாக்குப்பிடிப்பதற்கு அந்தப் பூஞ்சையின் கூரை கைகொடுக்கிறது.

உங்கள் மரத்தில் இருக்கும் பாசியை நீங்கள் வேறு இடத்திலும் பார்த்திருப்பீர்கள், தெரியாமலேயே. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் ஈரச் சுவரில் செங்காவி நிறத்தில் வெல்வெட் துணிபோல் படர்ந்திருக்குமே, அது டிரென்டிபோலியா என்னும் பாசி. வகைப்பாட்டில் பச்சைப் பாசிதான். ஆனால் கேரட்டில் உள்ள அதே ஆரஞ்சு நிறமியை உடம்பில் சேர்த்துவைப்பதால் பச்சை மறைந்துவிடுகிறது. வெப்பமண்டலத்துப் பொருக்கு லைக்கன்களில் மிகப் பல இந்தப் பாசியைத்தான் துணைக்கு வைத்துக்கொள்கின்றன. சுவரில் தனியாக இருந்தால் செங்காவி. பூஞ்சையின் கூரைக்கு அடியில் போனால் நிறம் குறைந்து பச்சை தூக்கலாகத் தெரிகிறது.

இனி அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு வருவோம். பூதக்கண்ணாடி இல்லையென்றால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் சற்றே மேடாக, நடுவில் ஒரு பிளவோடு இருக்கும். மூடிய உதடுகள்போல. சில நேராக, சில வளைந்து, சில கிளைவிட்டு நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். யாரோ தெரியாத மொழியில் எழுதிவைத்ததுபோல் இருக்கும். அதனால்தான் இந்த வகைக்குக் கிரேக்கத்தில் எழுதுதல் என்ற பொருள்படும் சொல்லிலிருந்து கிராஃபிஸ் என்று பெயர் வைத்தார்கள். லின்னேயஸ் 1753இல் ஐரோப்பிய இனம் ஒன்றுக்குப் பெயரிட்டபோதும் எழுத்து என்ற பொருளில் ஸ்கிரிப்டஸ் என்றே வைத்தார். நான் பிள்ளைகளிடம் எழுத்து லைக்கன் என்று சொல்வேன். அவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

அந்தக் கோடுகள் பூஞ்சையின் கனிகள். கறுத்துக் கரிபோல் இறுகிய இரு சுவர்களுக்கு நடுவே மெல்லிய பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு பைக்குள் பெரும்பாலும் எட்டு ஸ்போர்கள், அதாவது பூஞ்சை பரவ உதவும் விதைபோன்ற நுண்துகள்கள். சவர அலகால் ஒரு கோட்டைக் குறுக்கே மிக மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நீளமான நிறமற்ற ஸ்போர்கள் தெரியும். ஒவ்வொன்றும் குறுக்குச் சுவர்களால் அறை அறையாகப் பிரிந்திருக்கும். அறைகள் ஒவ்வொன்றும் மூக்குக் கண்ணாடி வில்லையின் வடிவம். பிறகு அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். மரவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பள்ளியில் சோதிப்போமே, அதே அயோடின். ஸ்போர்கள் ஊதா நீலமாக மாறும். முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராக நுண்ணோக்கியில் கண் வைத்து இதைப் பார்த்த ஒரு காலை வேளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசிப் பிள்ளை பார்த்து முடித்த பிறகு முதல் பிள்ளை மீண்டும் வரிசையில் வந்து நின்றான்.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. அந்த ஸ்போருக்குள் பூஞ்சை மட்டும்தான் இருக்கிறது, பாசி இல்லை. மழை நனைத்ததும் பிளவிலிருந்து வெளியேறிக் காற்றில் போகும் ஸ்போர் ஏதோ ஒரு பட்டையில் விழுந்து முளைக்க வேண்டும். பக்கத்திலேயே தனக்குப் பொருத்தமான பாசி கிடைக்க வேண்டும். கிடைத்தால் லைக்கன். கிடைக்காவிட்டால் அந்த இழை பட்டினியில் மடிந்துவிடும். உங்கள் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும் ஒவ்வொரு திட்டும் அப்படி ஒரு சந்திப்பில் பிறந்தது. வளர்ச்சியும் அவசரமில்லாதது. பொருக்கு லைக்கன்களில் பல ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் விளிம்பு நகர்ந்தாலே பெரிது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளில் பரவியதாக நீங்கள் நினைப்பது, பெரும்பாலும் அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கி, சிறு சிறு திட்டுகள் ஒன்றையொன்று தொட்ட பிறகு கண்ணில் பட்டது. இரண்டு திட்டுகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கறுப்பு எல்லைக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அங்கே இரண்டு தனி லைக்கன்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். நிலவரைபடத்தில் இரண்டு மாநிலங்கள் சேர்வதுபோலவே இருக்கும்.

மரத்துக்கு ஏன் தீங்கில்லை என்று பலருக்கும் நம்பிக்கை வருவதில்லை. ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் உறிஞ்சும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதற்கு நான் எப்போதும் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைத்தான் சாட்சிக்கு அழைப்பேன். என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். பள்ளி விடுமுறையில், பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைக்க நானும் கூடப் போவேன். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். மேலே செத்த தக்கைப் பட்டை. அதற்கும் உள்ளே போனால்தான் மென்பட்டை. பால் ஓடும் குழாய்கள் அங்கே இருக்கின்றன. இன்னும் ஒரு மயிரிழை ஆழமாகக் கத்தி போனால் மரம் காயப்பட்டுவிடும். அதற்குக் கூலியில் பிடித்தம்கூட உண்டு. ஒவ்வொரு மரத்தின் முதுகுப்புறமும் வெள்ளையும் சாம்பலுமாக லைக்கன் அப்பியிருக்கும். சீவும் பக்கம் மட்டும் வழவழவென்று இருக்கும், சீவச் சீவ அங்கே எதுவும் தங்க முடியாததால். லைக்கனின் இழைகள் அந்த வெளித் தக்கையோடு நின்றுவிடுகின்றன. பால் குழாய் வரையோ, மரத்தின் சர்க்கரை ஓடும் உள்பட்டை வரையோ அவை போவதில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. சர்க்கரை செய்ய வீட்டிலேயே பாசி இருக்கிறது. முதுகு முழுக்க வெள்ளையாக இருந்த மரங்கள்தாம் மங்கு நிறையப் பால் தந்தன.

அப்படியானால் நலிந்த மரத்தில் லைக்கன் கூடுதலாகத் தெரிவது ஏன்? இங்கேதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன்றவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். மரம் நலிந்தால் இலை உதிரும். இலை உதிர்ந்தால் அடிமரத்தில் வெயில் விழும். வெயில் விழுந்தால் லைக்கன் செழிக்கும். வளர்ச்சி மந்தமான மரம் பட்டையைப் புதுப்பிப்பதும் மெதுவாகத்தான். அதனால் லைக்கனுக்கு நிலையான இடம் கிடைக்கிறது. இதற்கு நேர்மாறு கொய்யா. அது பட்டையைத் தாள் தாளாக உரித்துக்கொண்டே இருப்பதால் அதன் அடிமரத்தில் பொருக்கு லைக்கன் நிலைப்பது கடினம்.

பிளீச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வில்லியம் நைலாண்டர் என்று பின்லாந்துக்காரர் ஒருவர், பாரிஸில் குடியிருந்தவர். 1866இல் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, லைக்கன்களைப் பிரித்தறிய வேதிச் சோதனையைக் கொண்டுவந்தார். பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு, சலவைத்தூள் கரைசல் ஒரு சொட்டு. எந்த நிறம் வருகிறது என்பதை வைத்து இனத்தைப் பிரிப்பது. அந்தச் சலவைத்தூளின் குணம்தான் இன்று நம் குளியலறையில் இருக்கும் பிளீச்சுக்கும். இன்றும் ஆய்வாளர்கள் குண்டூசி முனையளவு பிளீச்சை லைக்கன் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். நிறத்தைப் படிக்க அந்த ஒரு துளி போதும். வாளியில் கலக்கி ஊற்றினால் லைக்கனும் சாகும், பட்டையில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே உயிருள்ள திசுவும் வெந்துபோகும், வேர்மண்ணில் வாழும் நல்ல பூஞ்சைகளும் போகும். மண்ணெண்ணெய் அதைவிட மோசம். சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கொடியதில்லை என்றாலும் அதனால் மரத்துக்கு ஆகப்போவது எதுவும் இல்லை.

நைலாண்டர் செய்த இரண்டாவது காரியம் இன்னும் பெரியது. பாரிஸ் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லாமல் போன லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் இருப்பதைக் கவனித்து, காற்றின் தூய்மைக்கு அவை அளவுகோல் என்று எழுதினார். வேரில்லாமல் காற்றையும் மழையையும் நம்பி வாழும் உயிருக்கு, காற்றில் நஞ்சு கலந்தால் தப்பிக்க வழி ஏது? 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு லைக்கன் ஆய்வாளர்கள் மரப்பட்டை லைக்கன்களை வைத்தே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் கந்தக டை ஆக்சைடு அளவைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மரத்தில் லைக்கன் இருந்தால் காற்று சுத்தம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். பள்ளிப் பயிற்சித் தாள்களிலும் அப்படித்தான் அச்சாகிறது. அந்த வரி என்னை வருத்துகிறது. உண்மை அதைவிடச் சுவையானது. லெகனோரா கோனிசியாய்டஸ் என்றொரு பொருக்கு லைக்கன் இருக்கிறது. அதுவும் மரப்பட்டையில் வாழ்வதுதான். பிரிட்டனில் நிலக்கரிப் புகை உச்சத்தில் இருந்த காலத்தில் மற்ற லைக்கன்கள் ஒவ்வொன்றாக மறைய, இது மட்டும் நகரத்து மரங்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. கந்தகப் புகையை அது தாங்கியது. பிறகு சட்டங்கள் வந்து காற்று தெளிந்ததும் இது வேகமாகக் குறைந்துபோனது. ஆக, லைக்கன் இருக்கிறதா இல்லையா என்று கேட்பது பாதிக் கேள்விதான். எந்த லைக்கன், எத்தனை வகை என்று கேட்டால்தான் காற்றைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். நம் ஊரில் வெயில், ஈரப்பதம், பட்டையின் அமிலத்தன்மை எல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஒரே ஒரு ரம்புத்தானை வைத்து ஆயர் ஈத்தாம் காற்றுக்கு நற்சான்று எழுதிவிட முடியாது.

வித்தியாசத்தை நேரில் பார்க்க ஆசை இருந்தால் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். முதலில் வண்டிகள் ஓயாத சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றைப் பாருங்கள். பட்டையோடு அழுந்திய சாம்பல் பச்சை வட்டங்கள் இருக்கும். டிரினாரியா, பிக்சினே போன்ற, நகரத்துக்குப் பழகிய இலை வடிவ லைக்கன்கள் அவை. அடுத்து, தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய அந்தப் பூங்காவில் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. பூவைப் பார்க்கத்தான் எல்லோரும் நிற்பார்கள்; நீங்கள் பக்கத்து மரங்களின் வழவழப்பான அடிமரங்களையும் பாருங்கள். எழுத்து லைக்கன், பொன்மஞ்சள் தூள் கொட்டியதுபோன்ற கிரைசோத்ரிக்ஸ், வெள்ளை விளிம்பிட்ட பச்சைத் திட்டுகள் என்று ஒரு கையகலத்துக்குள் நான்கைந்து வகை எண்ணலாம். நேரமிருந்தால் கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) ஏறுங்கள். 833 மீட்டர் உயரத்தில் ஈரம் மிகுந்து, மரத்தில் மாஸ் என்னும் பாசிச்செடிகளும் பெரணியும் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிடும். பொருக்கு லைக்கன்கள் வழவழப்பான பட்டைகளுக்கும் மேல்கிளைகளுக்கும் ஒதுங்கிப் போவதைக் காணலாம்.

பூங்காவில் ஒருமுறை அப்படி ஓர் அடிமரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைக்கன் என்று நான் நினைத்த சாம்பல் திட்டு ஒன்று கழுத்தைத் திருப்பி, தாடைக்கு அடியிலிருந்து ஒரு மடிப்பை நீட்டி மடக்கியது. பறக்கும் ஓணான். என் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. நான் மூச்சுவிடாமல் நின்றேன். அது நாலு அடி மேலே ஏறி, விலாவின் தோலை விசிறிபோல் விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய மறுகணம் மீண்டும் காணோம். பட்டை முழுவதையும் சுரண்டி ஒரே நிறமாக்கிவிட்டால் அந்தப் பிராணி எங்கே போய் ஒளியும்? லைக்கனை மேய்ந்து வளரும் அந்துப்பூச்சிப் புழுக்களும் உண்டு. அவற்றைத் தேடி வரும் பறவைகளும் உண்டு.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உங்கள் படத்தை வைத்து, கிராஃபிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன். இணையத்தில் தேடினால் கிராஃபிஸ் ஸ்கிரிப்டா என்ற பெயர் வந்து விழும்; அதை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பெயர் மிதவெப்ப மண்டலத்து லைக்கனுக்குரியது. நம் வெப்பமண்டலத்தில் இந்தக் குடும்பம் மிகப் பெரியது, ஆயிரக்கணக்கில் இனங்கள். கோட்டின் உதடுகள் முழுதும் கரிந்திருக்கின்றனவா, பாதியா, ஸ்போரில் குறுக்குச் சுவர் மட்டுமா நெடுக்குச் சுவரும் உண்டா, பொட்டாஷ் சொட்டுக்கு மஞ்சளாகிப் பின் சிவக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இனத்தைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்போரின் நிறத்தையும் அறைகளையும் மட்டும் வைத்து நான்கு பேரினங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2002இல் லைக்கன் ஆய்வாளர் பெட்டினா ஸ்டைகர் அந்தப் பிரிவினை இயற்கையானது இல்லை என்று காட்டி மொத்தத்தையும் திருத்தி அடுக்கினார். 2014இல் இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 175 புதிய இனங்களை ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். உங்கள் வாசல் மரத்தில் இருப்பதற்கே இன்னும் பெயர் வைக்காமல் இருக்கலாம் என்று சொன்னால் அது வெறும் உற்சாகப் பேச்சு இல்லை.

வெப்பமண்டலப் பொருக்கு லைக்கன்களை ஐரோப்பியர் முதலில் அறிந்துகொண்ட விதமும் சொல்லத்தக்கது. காட்டுக்கு வராமலேயே அறிந்தார்கள். சின்கோனா, கஸ்கரில்லா போன்ற மருந்துப் பட்டைகள் கப்பலில் மூட்டை மூட்டையாகப் போய் மருந்துக்கடைகளில் இறங்கின. பட்டையோடு பட்டையாக லைக்கனும் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சு மருந்தாளர் ஃபே 1824இல் அந்தக் கடைச் சரக்கை ஆராய்ந்தே ஒரு நூல் எழுதினார். டிரைபெதீலியம் எலுடெரியே என்ற பொருக்கு லைக்கனுக்கு 1804இல் தாவரவியலாளர் ஸ்ப்ரெங்கல் வைத்த பெயரிலேயே கஸ்கரில்லா மரத்தின் தாவரவியல் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் அந்த லைக்கன் உண்டு. பட்டையில் பழுப்பு மேடுகளாகத் தெரியும்; மேட்டைக் கீறினால் உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறமி.

சரி, எதற்குத்தான் பயப்பட வேண்டும்? இதைக் கவனமாகப் படியுங்கள். கிளை பிரியும் கவட்டில் சிலந்தி வலைபோல் பளபளக்கும் வெள்ளை இழை படர்ந்து, மழைக்காலத்தில் அது இளஞ்சிவப்புப் பொருக்காக மாறி, அதற்கு மேலுள்ள கிளையின் இலைகள் வாடினால் அது இளஞ்சிவப்பு நோய். ரப்பர், டுரியான், கொக்கோ உட்படப் பல மரங்களைத் தாக்கும் பூஞ்சை அது. பட்ட கிளையை நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டி எரித்துவிட வேண்டும். வெட்டுவாயில் செம்புப் பூஞ்சைக்கொல்லி பூச வேண்டும். அடிமரத்தில் பட்டை கறுத்து, அழுத்தினால் மெத்தென்று இருந்து, செம்பழுப்பு நீர் கசிந்தால் அது அழுகல். டுரியான் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. கம்பித் தூரிகையால் உண்டாகும் கீறல்கள் இத்தகைய கிருமிகளுக்குத்தான் வாசல் திறக்கும். வெள்ளையைத் தொட்டால் பஞ்சுபோல் ஒட்டி, நசுக்கினால் ஈரமாக இருந்தால் அது மாவுப்பூச்சி. இலையின் மேல் துரு நிறத்தில் சிறு வட்டங்கள் வந்தால் அது செஃபலூரோஸ் என்னும் பாசி, டிரென்டிபோலியாவின் நெருங்கிய உறவு. அது மட்டும் இலைத்திசுவுக்குள் புகுந்து தொல்லை கொடுக்கும். இவற்றில் எதுவும் உங்கள் படங்களில் இல்லை.

காய்ப்புக்கு வருகிறேன். ரம்புத்தான் பூக்க ஒரு வறண்ட இடைவேளை வேண்டும். விடாமல் மழை பெய்த ஆண்டில் பூ குறையும். ஓர் ஆண்டு அள்ளிக் கொடுத்த மரம் அடுத்த ஆண்டு ஓய்வெடுப்பதும் வழக்கம்தான். ஆனால் உங்கள் இரண்டாவது படத்தின் ஓரத்தில் எனக்கு வேறொன்று தெரிகிறது. அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம்கூட மண் விடாமல் சிமெண்டு போட்டிருக்கிறீர்கள், புதிதாகத் தெரிகிறது. இருபது ஆண்டு மரத்தின் உணவு வேர்கள் கிளைகளின் நுனி வரை பரந்திருக்கும். அவற்றுக்குக் காற்றும் மழைநீரும் போகும் வழியை அடைத்துவிட்டீர்கள். கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது புரிகிறது. முடிந்த அளவு, குறைந்தது மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டமாவது சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். மக்கிய இலையையும் நன்கு மட்கிய தொழுவுரத்தையும் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் சற்றுத் தள்ளி. உள்ளே பின்னிக் கிடக்கும் காய்ந்த குச்சிகளை அறுவடைக்குப் பிறகு கழித்துவிடுங்கள். இலை தழைத்து அடிமரத்தில் நிழல் கூடினால் லைக்கன் தானாகவே கொஞ்சம் அடங்கும். அடங்காவிட்டாலும் குறையில்லை.

இன்னொன்று. திட்டு ஒன்றின் பக்கத்தில் இருபது சென் காசை வைத்து இன்றே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் அதே இடத்தில் அதே காசை வைத்து மீண்டும் எடுங்கள். விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று உங்கள் பிள்ளைகளே அளந்து சொல்வார்கள்.

காற்றில் ஒடிந்து விழுந்த குச்சி எதிலாவது இந்த எழுத்துகள் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் பழைய தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், பூசணம் பிடித்துவிடும். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். சீவிப் பார்த்து, ஸ்போர் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.